ஓடாத டிரிப்புகளின் பட்டியல்

புதுச்சேரியில் ஏறி வில்லியனூர் வழியாக மதகடிப்பட்டில் இறங்கும் ஒருவர் ஒரே பஸ்ஸில், ஒரே டிக்கெட்டில் இரண்டு முறை மாநில எல்லையைக் கடக்கிறார். அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. அடுத்து வரும் திருவாண்டார்கோயிலும் திருபுவனையும் மறுபடி புதுச்சேரி. தெற்கே கடலூர் சாலையில் போனால் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில் தாண்டி முள்ளோடையில் எல்லை முடிகிறது. பாகூருக்கு மேற்கே கரையாம்புத்தூர்ப் பக்கம் எந்த வயல் எந்த மாநிலம் என்று அந்த ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் துண்டு துண்டாகப் பெற்ற கிராமங்கள் அப்படியே நம் கைக்கு வந்தன. எல்லைக்கோட்டை அழிக்க முடியாது. ஆனால் பஸ் ஓடியாக வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 88ஆம் பிரிவில் இதற்கென்றே எழுதியதுபோல ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தடத்தின் இரண்டு முனைகளும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் வேறு மாநிலத்துக்குள் போகும் பகுதி 16 கிலோமீட்டருக்கு மிகாமல் இருந்தால், அந்த மாநிலத்தின் மேலொப்பம் தேவையில்லை. பர்மிட் அங்கும் செல்லும். பல கிராமத் தடங்கள் இந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி முதலில் படிக்கச் சொன்னது இந்த வரியைத்தான். நல்ல சட்டம் தன் ஊரின் நிலத்தைப் பார்த்துவிட்டு எழுதப்படும் என்று அன்று புரிந்தது. நல்ல நிர்வாகமும் அப்படித்தான் என்று புரிந்துகொள்ள ஒரு பணிக்காலம் தேவைப்பட்டது.

நான் வில்லியனூர்க்காரன். அரசுப் போக்குவரத்துப் பணியில் டைம் கீப்பராகத் தொடங்கி, செக்கிங் இன்ஸ்பெக்டராகி, பிறகு கால அட்டவணை போடும் பிரிவுக்குப் போய், கடைசி ஆண்டுகளில் இயக்குநர் குழுக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதும் மேசையில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதியவனுக்கு, அந்த பஸ்ஸின் கதி முடிவாகும் அறைக்குள்ளும் உட்காரக் கிடைத்தது. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

யாரைக் கேட்பது?

பாகூர்ப் பகுதியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கீரைக்கட்டும் பூவும் ஏற்றிக்கொண்டு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு வரும் பெண்கள் உண்டு. செக்கிங்கில் இருந்த காலத்தில் அவர்களோடு நிறையப் பயணம் செய்திருக்கிறேன். அவர்களில் வயதான ஓர் அம்மா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்பா, நேத்து ராத்திரி கடைசி பஸ் வரல. கண்டக்டர கேட்டா டிப்போவுல கேளுங்கறாரு. டிப்போவுல கேட்டா அது தனியார் டைமுங்கறாங்க. அந்த மொதலாளிய கேட்டா வண்டி ரிப்பேருங்கறாரு. நான் யாரத்தான் கேக்கறது?”

“எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பறேன்” என்றேன்.

“எனக்கு எழுதத் தெரியாதுப்பா. பஸ்ஸுல ஏறத்தான் தெரியும்.”

போக்குவரத்து நிர்வாகத்தைப் பற்றி நான் படித்த அறிக்கைகள் எதிலும் இதைவிடக் கூர்மையான கேள்வி இருந்ததில்லை. இதற்குச் சரியான பதிலும் இன்றுவரை ஒரே வரியில் கிடையாது.

சட்டப்படி ஒரு பஸ் மூன்று மேசைகளைக் கடந்து வருகிறது. பர்மிட்டும் அதன் நேரமும் போக்குவரத்து ஆணையத்தின் கையில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 68ஆம் பிரிவு அந்த ஆணையத்தை அமைக்கிறது. எந்தப் போக்குவரத்து நிறுவனத்திலும் பண ஆதாயம் உள்ளவர் அதில் உறுப்பினராக முடியாது என்றும், இடையில் அப்படி ஆதாயம் வந்தால் நான்கு வாரத்துக்குள் தெரிவித்துப் பதவி விலக வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டணம் 67ஆம் பிரிவின்படி அரசு இடும் கட்டளை. பஸ்ஸை ஓட்டுவது மூன்றாவது மேசை. புதுச்சேரியில் அந்த மேசையில் பி.ஆர்.டி.சி. என்று நாம் சொல்லும் புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகமும், அதைச் சுற்றித் தனியார் பஸ் முதலாளிகளும் இருக்கிறார்கள். கழகத்துக்கு நகரத் தடம், கிராமத் தடம், வெளியூர்த் தடம், காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் பொறுப்பு. வில்லியனூர் சாலையிலும் கடலூர் சாலையிலும் அன்றாடக் கூட்டத்தைச் சுமப்பதில் தனியார் பஸ்களின் பங்கு பெரிது.

மூன்று மேசையும் தனித்தனியே இருப்பதில் நியாயம் இருக்கிறது. பஸ் ஓட்டுபவரே தனக்குப் பர்மிட் கொடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் “கரையாம்புத்தூருக்கு இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் இருக்கிறதா?” என்ற கேள்வி இந்த மூன்றில் எதன் மேல் விழுகிறது? பர்மிட் கொடுத்தவர் கொடுத்ததோடு சரி. கட்டணம் வைத்தவர் வைத்ததோடு சரி. ஓட்டுபவர் கலெக்‌ஷனைப் பார்ப்பார். இந்த மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்கும் ஆள்தான் தலைவர். அந்த ஆள் இல்லாத இடத்தில் ஆணையம் இருக்கும், கழகம் இருக்கும், பஸ் இருக்காது.

கணக்குக்குள் ஒளிந்திருக்கும் கிராமம்

இயக்குநர் குழுவுக்குப் போகும் குறிப்பில் முதல் பக்கத்தில் இருப்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்ற இரண்டு எண்கள். தடவாரியாக, டிரிப்வாரியாகப் பட்டியல் கீழே வரும். நஷ்ட டிரிப்புகளைச் சிவப்பு மையில் கோடிட்டு வைப்பது வழக்கம். சிவப்புக் கோடு பெரும்பாலும் இரவில் கிராமத்துக்குப் போகும் கடைசி டிரிப்பின் மேல்தான் விழும்.

எண்ணைப் போட்டே பார்க்கலாம். தடத்தின் நீளம் 30 கிலோமீட்டர், செலவு கிலோமீட்டருக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணி டிரிப்பில் 600 ரூபாய் வசூல், செலவு 1,800. நஷ்டம் 1,200. அதே பஸ் கிராமத்தில் இரவு தங்கி, விடியற்காலை முதல் டிரிப்பாகத் திரும்பும்போது 2,400 ரூபாய் வசூல். தனித்தனியாகப் பார்த்தால் காலை டிரிப் லாபம், இரவு டிரிப் நஷ்டம். நஷ்டத்தை நிறுத்து என்பார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? பஸ் இரவு டிப்போவில் நிற்கும். காலை முதல் டிரிப்பை எடுக்க அது டிப்போவிலிருந்து கிராமத்துக்கு ஆள் இல்லாமல் 30 கிலோமீட்டர் போயாக வேண்டும். அதை டெட் கிலோமீட்டர் என்போம். அதே தூரம், அதே டீசல். வந்துகொண்டிருந்த 600 ரூபாயும் போச்சு. அதோடு முடிவதில்லை. இரவு திரும்ப பஸ் இல்லை என்று தெரிந்தவர் காலையிலும் அந்த பஸ்ஸை நம்ப மாட்டார். ஜவுளிக்கடையில் எட்டு மணி வரை நிற்கும் பெண், இரண்டாம் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி, மாலைக் கல்லூரி மாணவர் எல்லாரும் தவணையில் ஒரு டூவீலர் எடுத்துவிடுவார்கள், அல்லது அந்த வேலையை விட்டுவிடுவார்கள். காலை டிரிப்பின் 2,400 மெல்லக் குறையும். ஓரிரு ஆண்டில் அதன் மேலும் சிவப்புக் கோடு விழும். அப்போது, “பாருங்கள், அந்த ஊரில் பஸ்ஸுக்கு ஆளே இல்லை” என்று குறிப்பு எழுதப்படும்.

டிரிப்பைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரு பஸ்ஸின் முழுநாள் ஓட்டத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக என் மேசையிலிருந்து போன குறிப்புகளின் அமைப்பையே மாற்ற அனுமதி கேட்டேன். இரவு டிரிப்பையும் அடுத்த காலை டிரிப்பையும் ஒரே வரியில் சேர்த்து, பக்கத்தில் “இதை நிறுத்தினால் கூடும் டெட் கிலோமீட்டர்” என்று ஒரு கட்டம். சிறிய மாற்றம்தான். ஆனால் கூட்டத்தில் பேச்சின் போக்கு மாறியதை என் கண்ணால் பார்த்தேன். இயக்குநர் குழுவில் இருப்பவர்கள் கல்மனதுக்காரர்கள் அல்லர். அவர்கள் முன் வைக்கப்படும் தாளில் கிராமம் தெரிவதில்லை, அவ்வளவுதான். தாளில் எது தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது நிர்வாகத்தின் முதல் வேலை.

ஒரு நல்ல தலைவர் கேட்ட கேள்வி

நான் பார்த்த நிர்வாக இயக்குநர்கள் பலவிதம். புதிய பஸ் கொடியசைப்பில் அக்கறை உள்ளவர், வழக்குகளை முடிப்பதில் கெட்டிக்காரர், டயர், டீசல் கணக்கில் கரை கண்டவர். எல்லாம் தேவைதான். ஆனால் ஒருவர் மட்டும் காலை பத்து மணிக்குத் தொலைபேசியை எடுத்து ஒரே கேள்வி கேட்பார்: “நேத்து ஓடாத டிரிப் எது எது?”

ஓடிய டிரிப்புக்கு வே பில் உண்டு, வசூல் உண்டு, கணக்கு உண்டு. ஓடாத டிரிப்புக்கு ஒன்றும் கிடையாது. அது காகிதத்தில் பிறக்கவே இல்லை. அதனால் அவர் ஒரு தனிப் பதிவேடு போடச் சொன்னார். தடம், நேரம், காரணம் என்று மூன்றே கட்டம். டிரைவர் வரவில்லை, வண்டி ஒர்க் ஷாப்பில், டயர் இல்லை, திருக்காஞ்சி மாசி மகத்துக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டது, வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்குப் போய்விட்டது.

ஒரு மாதப் பதிவேட்டை விரித்துப் பார்த்தபோது அந்த மேசையைச் சுற்றி இருந்த எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. ஸ்பேர் பஸ் குறைந்தாலும், ஆள் குறைந்தாலும், திருவிழா வந்தாலும், வெட்டு விழுந்தது எப்போதும் தடத்தின் கிராம முனையில்தான். நகரத்தில் ஒரு டிரிப் நின்றால் அடுத்த பஸ் சில நிமிடத்தில் வரும்; தட்டிக்கேட்க நாலு பேர் இருப்பார்கள். கிராமத்தில் ஒரு டிரிப் நின்றால் அன்றைக்கு பஸ்ஸே இல்லை. ஆனால் சத்தம் கேட்காது. சத்தம் வராத இடத்தில் வெட்டுவது டிப்போவில் இருப்பவருக்கு எளிது. அது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. கேள்வி கேட்காத இடத்தை நோக்கி எல்லாக் குறைகளும் தாமாகவே சரிந்து போகின்றன.

அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரியது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு இயக்குநர் குழுக் கூட்டத்திலும் நிரந்தரப் பொருளாக வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட வைத்தார். சில காலத்தில் அவர் மாற்றலாகிப் போனார். பின்னால் வந்தவருக்கு அதில் பெரிய ஈடுபாடு இருக்க வேண்டிய அவசியமில்லை. தீர்மானம் இருந்தது, பட்டியல் வந்தது, பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஒருவரின் நல்ல பழக்கத்தை நிறுவனத்தின் விதியாக மாற்றிவிட்டுப் போவதைத்தான் நான் தலைமை என்பேன்.

புதுச்சேரி போன்ற சிறிய ஒன்றியப் பகுதியில் இது இன்னும் முக்கியம். இங்கே ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் டெல்லி, அருணாசலம், கோவா எல்லாம் அடங்கிய பொது அணியிலிருந்து வருகிறார்கள், போகிறார்கள். ஒருவரே பல துறைகளைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. அவர்களில் நல்லவர்கள் அதிகம். ஆனால் கடலூர் சாலையும் ஏம்பலம் சாலையும் மனதில் பதியும் நேரத்தில் உத்தரவு வந்துவிடும். ஒரு கால அட்டவணையைத் திருத்தி, அதன் பலனைப் பார்க்க ஒரு பள்ளி ஆண்டு, ஒரு மழைக்காலம், ஒரு அறுவடைக் காலம் வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறையாத பதவிக்காலம் இல்லாமல் எந்த நிர்வாக இயக்குநரிடமும் விளைவைக் கேட்பது முறையல்ல.

தொழிலாளி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளுக்கு எட்டு மணி நேர வேலை, இடைவெளிகளையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்று வரையறுத்திருந்தது. இரவு டிரிப்பை எடுத்துப் போய் பாகூருக்கு அப்பால் பஸ்ஸிலேயே படுத்து, விடியுமுன் ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவருக்கு ஓர் அறை, கழிப்பறை, குடிநீர் கொடுக்காமல் கடைசி டிரிப்பைக் காப்பாற்ற முடியாது. நிரந்தரம் கேட்டு ஒப்பந்த ஊழியர்கள் ஆண்டுகளாகக் குரல் கொடுப்பதும் தடத்தோடு தொடர்புடையதுதான். நாளை இருப்போமா என்று தெரியாதவர், கிராமத்துத் தடத்தைத் தன் தடமாக நினைத்து ஓட்டுவது கடினம். பல டிரைவர்கள் அப்படி ஓட்டினார்கள். ஓடும் பாதையில் யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பெருந்தன்மை எல்லாம் அவர்கள் சொந்தச் சொத்து. நிர்வாகம் அதை நம்பி அட்டவணை போடக் கூடாது.

பயணிக்கு எந்த நாற்காலி?

நம் நாட்டில் அரசு பஸ் கழகங்கள் இரண்டு வகையாகப் பிறந்தன. ஒரு வகை, சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம், 1950இன் கீழ் வந்தவை. அந்தச் சட்டம் போதுமான, சிக்கனமான, ஒழுங்காக ஒருங்கிணைந்த சேவை தருவது கழகத்தின் கடமை என்கிறது. ஆலோசனைக் குழு அமைக்கவும் வழி வைத்திருக்கிறது. இன்னொரு வகை, கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. தமிழ்நாட்டுக் கழகங்கள் அப்படி; சுற்றுலாவையும் போக்குவரத்தையும் சேர்த்து நடத்திய ஒரே நிறுவனத்திலிருந்து 2005இல் பிரிந்துவந்த புதுச்சேரிக் கழகமும் அப்படி. கம்பெனி என்றால் இயக்குநர் குழு பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டும். பங்குதாரர் அரசு. பயணி அந்த ஏற்பாட்டில் எங்கும் பெயர் சொல்லி வருவதில்லை.

சரி, அவருக்காக ஊராட்சியாவது பேசட்டும் என்றால் அங்கும் ஒரு வெற்றிடம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பின் மீண்டும் நீண்ட இடைவெளி. வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆணையர்கள் நடத்துகிறார்கள். சாலை, விளக்கு, குடிநீருக்கு மனு வாங்க ஆள் உண்டு. “எங்கள் ஊர் கடைசி பஸ்” என்று தீர்மானம் போட்டு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை. எம்.எல்.ஏ. ஒருவர்தான் மிச்சம். அவர் கேட்டால் ஒரு புதுத் தடம் வரும், கொடியசைப்பு நடக்கும், பஸ் கூடாமல் தடம் மட்டும் கூடியதால் இன்னொரு ஊரின் டிரிப் ஓடாத பட்டியலுக்குப் போகும்.

மாநிலங்களுக்கு இடையிலான பஸ் ஒப்பந்தத்தைக்கூட அரசிதழிலும் அந்தப் பகுதி மொழிப் பத்திரிகையிலும் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் அதே 88ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அறிவிப்பு பஸ் முதலாளிகளின் கண்ணில் படுகிறது. அவர்கள் வக்கீல் வைத்து வருகிறார்கள். கீரைக்கட்டு அம்மாவின் கண்ணில் படுவதில்லை. வாசல் சட்டத்தில் திறந்துதான் இருக்கிறது. அங்கே அழைத்துப் போக ஒருவரும் இல்லை.

பிற ஊர்களின் வழி

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1965இல் ஒரு வழி கண்டது. ரயிலும் பஸ்ஸும் வெவ்வேறு நிறுவனங்கள் ஓட்டட்டும். கால அட்டவணையும் டிக்கெட்டும் ஒரே கூட்டமைப்பின் கையில் இருக்கட்டும் என்றது. லண்டனில் பஸ்களை ஓட்டுவது தனியார் கம்பெனிகள். தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் முடிவு செய்வது நகரப் போக்குவரத்து ஆணையம். கம்பெனிக்கு ஓட்டிய சேவைக்கும் அதன் ஒழுங்குக்கும் பணம். கலெக்‌ஷனுக்காக ஒருவரை ஒருவர் முந்தும் தேவை அங்கே இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னும் பொருத்தமான பாடம் இருக்கிறது. இலங்கையில் 1958இல் பஸ்களை மொத்தமாக நாட்டுடைமையாக்கினார்கள். 1979இல் தனியாரை மறுபடி அனுமதித்தார்கள். இரண்டையும் பார்த்தபின் அங்குள்ள தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, சந்தை தானாகத் தராத சேவைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து அரசுப் பணம் ஒதுக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சிசு செரிய’, கிராமத் தடங்களுக்கு ‘கெமி செரிய’, பின்னிரவு, அதிகாலைப் பயணத்துக்கு ‘நிசி செரிய’. கடைசி டிரிப்புக்கு அரசின் ஏட்டில் ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது. தலைப்பு இருந்தால் தொகை கேட்கலாம். தொகை வந்தால் கணக்குக் கேட்கலாம்.

நமக்கும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு ரூபாய் பஸ் ஓட்டியது இதே புதுச்சேரி. கலெக்‌ஷனைப் பார்க்காமல், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதற்காக ஓடிய பஸ் அது. அதே மனதோடு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் முதல் டிரிப்பையும் கடைசி டிரிப்பையும் சமூகச் சேவையாக அறிவித்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டில் தனி வரியாகப் பணம் வைக்கலாம். கழகம் ஓட்டினாலும் தனியார் ஓட்டினாலும் அந்தத் தொகை ஓடிய டிரிப்புக்கு மட்டும் போகட்டும். கழகத்தின் நஷ்டம் என்று மொத்தமாகப் பேசும்போது எது வீண்செலவு, எது கிராமத்துக்குச் செய்த கடமை என்று பிரிக்க முடிவதில்லை. பிரித்துவிட்டால் வீண்செலவைத் தயங்காமல் வெட்டலாம், கடமையை யாரும் தொட முடியாது.

பர்மிட் ஆணையம், கழகம், தனியார் உரிமையாளர், இரண்டு கொம்யூன்களின் பிரதிநிதிகள், பக்கத்துத் தமிழ்நாட்டு மாவட்டங்களின் போக்குவரத்து அதிகாரிகள் எல்லாரும் மாதம் ஒருமுறை உட்காரும் ஒரே மேசை வேண்டும். அந்த மேசைக்கு ஒரு தலைவர், அவருக்கு நிலையான காலம். வில்லியனூரிலிருந்து மங்கலம், கரிக்கலாம்பாக்கம் பக்கமாகக் குறுக்கே போகும் தடங்களைப் பற்றி அங்கே பேசலாம். எல்லா பஸ்ஸும் நகர பஸ் ஸ்டாண்டுக்கே போய்த் திரும்பத் தேவையில்லை. பாகூரிலிருந்து ஜிப்மருக்கு வரும் நோயாளிக்கு, பஸ் மாறும் இடத்தில் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதை அங்கே முடிவு செய்யலாம்.

இவை எல்லாம் நடக்கக் காலம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் இந்த மாதமே செய்யலாம். எந்தெந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ், அவற்றில் சென்ற வாரம் ஓடாதவை எவை, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார், அவரது தொலைபேசி எண் என்ன என்று ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு, இரண்டு கொம்யூன் அலுவலகங்களின் வாசலிலும் ஒவ்வொரு ஊர் நிழற்குடையிலும் ஒட்ட வேண்டும். எழுதத் தெரியாத அம்மாவுக்கு அவர் பேத்தி படித்துச் சொல்வாள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், புது பஸ் வேண்டாம், டெண்டர் வேண்டாம். பொறுப்பில் இருக்கும் ஒருவரின் கையெழுத்து போதும்.